குழித்த உள்ளங்கை

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் ராஜபாளையம் ஆஸ்பத்திரிக்கு வரும் பிஸியோதெரபிஸ்ட் செல்வலட்சுமி, பத்து வருடமாகக் குழந்தைகளின் முதுகைத் தட்டிச் சளி இறக்கியவள். இப்போதோ, நுரையீரலின் சிறுகுழாய்கள் வீங்கிய கைக்குழந்தைகளைத் தட்டவே கூடாது என்கிறார்கள்.

சேத்தூர் வெள்ளத்தாயின் ஐந்து மாதப் பிள்ளைக்கு அதுதான். மூச்சுக்கு மூச்சு விலா உள்ளே போனது.

"மூத்தவனுக்குத் தட்டுனியளே, இவளுக்கும் செத்த நேரம் தட்டிவிடுங்கக்கா."

"வேண்டாம்மா. பிள்ளை தளந்துரும்."

மூக்குச் சளியை மட்டும் உறிஞ்சி எடுத்தாள். கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

பக்கத்துக் கட்டிலுக்கு நகர்ந்தவளுக்குப் பின்னால் பொத்துப் பொத்தென்று சத்தம் கேட்டது. பிள்ளையை மடியில் கவிழ்த்து வெள்ளத்தாய் தட்டிக்கொண்டிருந்தாள். விரல்களைச் சேர்த்து, உள்ளங்கையைக் குழித்து, மூத்தவனுக்குத் தட்டிய அன்றைக்குச் செல்வலட்சுமி சொல்லிக்கொடுத்தபடியே, ஒரு பிசகில்லாமல்.