பிளாஸ்டிக் ஆப்பிளின் முதல் போணி

ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லிக் கொடுப்பதும் பல் பிடுங்குவதும் ஒன்று; வாயைத் திற, திற என்று கெஞ்சியே பொழுது போய்விடும். இதே தொழிலில் தொண்டை கட்டிப்போனவர்களுக்காக எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தால் படிக்கட்டும்.

பேரம்

2007 வாக்கில், மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடியில் காலை ஆறு மணி வகுப்பு. எட்டாவது பாடம் ஷாப்பிங். மேசைமேல் பிளாஸ்டிக் ஆப்பிள், ரெண்டு சோப்பு, ஒரு சட்டை. ஒருத்தர் கடைக்காரர், ஒருத்தர் வாங்க வருகிறவர். விலை கேட்க வேண்டும், அவ்வளவுதான். பெயிண்ட் கடை குமார் ஆப்பிளை அமுக்கிப் பார்த்துவிட்டுத் தமிழில் சண்டைக்கே போய்விட்டார். இங்கிலீஷில் கேளுய்யா என்று கத்தினேன்.

"பேரத்த இங்கிலீஷ்ல பேசுனா ஏமாந்துடுவேன் சார்!"

போணி

செம்மங்குப்பத்திலிருந்து வசந்தா வந்தாள். புருஷன் லாரியில் அடிபட்டுச் செத்து ஒரு வருஷம். கைக்குழந்தையோடு அண்ணன் வீட்டில் இருந்தாள். அண்ணி முகம் சுளிக்க ஆரம்பித்திருந்தாள். சிதம்பரத்தில் புதிதாகத் திறக்கிற ஜவுளிக்கடைக்கு இங்கிலீஷ் பேசுகிற பெண்கள் வேண்டுமாம். அந்த வேலை கிடைத்தால்தான் குழந்தையோடு தனியாகப் போக முடியும்.

மறுநாளும் எட்டாவது பாடம்தான்; அன்று அவள்தான் கடைக்காரி. "குட் மார்னிங், கேன் ஐ ஹெல்ப் யூ?" என்றாள். ஒருத்தனும் எழுந்திருக்கவில்லை. குமாரைப் போகச் சொன்னேன். அவர் என் காதோரம் வந்தார். "காலங்காத்தால மொதல் போணி சார். நான் இனிமேதான் போய் கடை தொறக்கணும். வேற யாராச்சும் வாங்கட்டும், அப்புறம் வாங்குறேன்."

விற்பது பிளாஸ்டிக் ஆப்பிள். கடை என் ஓட்டை மேசை. நானே எழுந்து போய் வாங்கினேன். வசந்தா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். முகம் மாறவில்லை.

"எனிதிங் எல்ஸ், சார்?"

பட்டு

நேர்முகத்துக்கு அவளோடு போக ஆள் இல்லை. நான் போனேன். கேட்டதற்கெல்லாம் தடங்கல் இல்லாமல் பதில் சொன்னாள். தப்பு கண்டுபிடித்தே பிழைக்கிற எனக்கே ஒன்றும் அகப்படவில்லை. முதலாளி ரசித்துத்தான் கேட்டார். கடைசியில் அவள் நெற்றியைப் பார்த்தார். அவளிடம் பேசாமல் என் பக்கம் திரும்பினார்.

"இங்கிலீஷ் பிரமாதம் சார். ஆனா முகூர்த்தப் பட்டு எடுக்க வர்றவங்க முன்னாடி இவுங்கள எப்படி நிறுத்துறது? நீங்களே சொல்லுங்க."

நான் சொன்னதை அச்சில் போட முடியாது.

போன்

மூன்று வருஷம் கழித்து அவளே போன் பண்ணினாள். சென்னையில் போனில் பொருள் விற்கிற கம்பெனியில் வேலையாம். குழந்தை எங்கே என்றேன். "அண்ணன் வூட்லதான் சார். மாசம் ஒரு தடவ போய்ப் பாக்குறேன். என்னை அத்தைங்குது." வேலை எப்படி இருக்கிறது என்று பேச்சை மாற்றினேன்.

"போன்ல நெத்தி தெரியாதுல்ல சார், காலையில மொத ஆளே எங்கிட்ட வாங்குறாங்க."

வகுப்பை மூடும்வரை எட்டாவது பாடத்தில் முதல் ஆப்பிளை நானே வாங்கினேன். அழுகாத பழம் என்பது ஒன்றுதான் லாபம்.