ஒஹாயோவிலிருந்து றஜிதா ஓட்டி வந்த வான்

2023 ஜூலையில் ஒரு சனிக்கிழமை காலை றஜிதா எங்கள் வீட்டுக் கதவைத் தட்டி, "பேனாட் அண்ணை, என்னை ஒருக்கா ஒஹாயோவுக்குக் கூட்டிக்கொண்டு போவியளோ?" என்று கேட்டாள். யாரோ சொந்தக்காரர் வீட்டுக் கலியாணம் என்று நினைத்தேன்.

"அங்க உமக்கு ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை. ஒரு வான் இருக்கு. வாங்கப் போறன்."

கனடாவில், வோபர்னில் நாங்கள் இருக்கும் அதே கட்டடத்தில், அதே மாடியில்தான் அவளும் இருக்கிறாள். மன்னார்ப் பக்கத்துப் பிள்ளை. 2009இல் வன்னியில் ஒரு ஷெல் துண்டு முதுகெலும்பில் பட்டு இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. அப்போது அவளுக்கு இருபத்தேழு வயது. அதைப் பற்றி அவள் கதைத்து நான் கேட்டதில்லை. கதைத்ததெல்லாம் வேலையைப் பற்றித்தான். பக்கத்து நகரான மார்க்கத்தில் செயற்கைப் பல் செய்யும் லாப் ஒன்றில் மெழுகில் பல் வரிசை அடுக்குகிறாள். அவள் செய்த பல்லைப் போட்டவர் தன் சொந்தப் பல் எது என்று மறந்துவிடுவார் என்று அங்கே சொல்வார்களாம்.

காரில் போனால் அந்த வேலைக்கு அரை மணித்தியாலம். அவளுக்கோ இரண்டு. சக்கர நாற்காலி ஏற்றும் வாகனத்தை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். நகர எல்லையில் இறங்கி இன்னொன்றுக்கு மாறவும் வேண்டும். மழையோ பனியோ, வீதியோரத்தில் காத்திருப்பாள். அதனால்தான், காலுக்குப் பதிலாகக் கையால் பிறேக்கும் அக்ஸிலரேற்றரும் இயக்கும் காரில் ஒரு விசேட பயிற்சியாளரிடம் ஓடப் பழகினாள். பரீட்சையில் இரண்டு தரம் தவறி, மூன்றாம் தரம் லைசென்ஸ் எடுத்தாள். ஆனால் ஓடுவதற்கு வாகனம் இல்லை. சக்கர நாற்காலி ஏறச் சாய்தளமும் கைக் கட்டுப்பாடும் பூட்டிய வான் இங்கே அவளுக்கு எட்டாத விலை. அமெரிக்காவில் பழையது பாதி விலைக்குக் கிடைக்கும் என்று அறிந்து, எட்டு மாதம் தேடியிருக்கிறாள்.

கிளீவ்லன்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் டோரத்தி என்ற மூதாட்டி, இறந்துபோன கணவரின் வானை விற்பதற்கு விளம்பரம் போட்டிருந்தார். றஜிதா அவரிடம் முதலில் கேட்டது விலையை அல்ல. ஓட்டுநர் கதவின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் லேபலின் படத்தைத்தான் கேட்டாள். பிறகு உரிமைப் பத்திரத்தின் படத்தை வாங்கி, வான் எல்லைக்கு வருவதற்கு மூன்று நாள் முன்னரே அமெரிக்கச் சுங்கத்துக்கு அனுப்பினாள். இதெல்லாம் ஒரு பச்சை ஃபைலில் ஒழுங்காக இருந்தது.

நான் பள்ளிக்கூட பஸ் ஓடுகிறவன். ஜூலையில் விடுமுறை. மறுக்கக் காரணம் இல்லை. என் மனைவி வேரோனிக்காவும் வருவதாகச் சொன்னாள். என் மனதில் ஒரு கணக்கு இருந்தது: திரும்பி வரும்போது வானை நான் ஓடுவேன், வேரோனிக்கா எங்கள் காரை ஓடுவாள், றஜிதா வசதியாகப் பக்கத்தில் இருந்து வருவாள். இதை நான் அவளிடம் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

புதன்கிழமை போய்ச் சேர்ந்தோம். வான் வீட்டின் பக்கத்தில், ஒரு ஓக் மரத்தின் கீழ் நின்றது. வெள்ளி நிறம், உள்ளே சுத்தம், ஓடிய தூரமும் குறைவு. டோரத்தி பற்றரியை மாற்றி வைத்திருந்தார். எஞ்சின் உடனே பிடித்தது. ஆனால் சாய்தளத்தின் பொத்தானை அமத்தியபோது, வானின் தரைக்கடியிலிருந்து அது ஒரு சாண் வெளியே வந்து, கிர்ரென்று கத்தி நின்றுவிட்டது. மறுபடி அமத்தினால் அதே சத்தம்.

டோரத்தியின் முகம் வாடிவிட்டது. கணவர் போனபின் ஒருவரும் அதைத் தொடவில்லை என்றார்.

"றஜி, விடும். மோட்டர் போயிட்டுது. வேற வான் பாப்பம்" என்றேன்.

அவள் நாற்காலியை உருட்டிக்கொண்டு கிட்டப் போய், சாய்தளம் வெளியே வரும் இடுக்கை டோர்ச் வெளிச்சத்தில் பார்த்தாள்.

"மோட்டர் போகேல்லை, அண்ணை. மோட்டர் போனா உந்தச் சத்தம் வராது. உள்ளுக்கு ஏதோ அடைச்சிருக்கு."

நான் முழங்காலில் இருந்து கையை விட்டுப் பார்த்தேன். மணிக்கட்டுக்கு மேலே போகவில்லை.

"உங்கட கை போகாது. தள்ளி நில்லுங்கோ."

நாற்காலியின் பிறேக்கைப் போட்டாள். ஒரு கையை நாற்காலியிலும் மறு கையைத் தரையிலும் ஊன்றி, தன்னை மெல்ல இறக்கினாள். வேரோனிக்கா ஓடிப்போய் ஒரு துவாயை விரிப்பதற்குள் சூடான கொங்கிறீற்றில் சரிந்து படுத்துவிட்டாள். உடுப்புக் கொழுவும் கம்பி ஒன்று கேட்டாள். டோரத்தி கொண்டுவந்து கொடுத்தார். அதை வளைத்துக் கொக்கி ஆக்கி, இடுக்குக்குள் விட்டு இழுத்தாள். முதலில் காய்ந்த இலை வந்தது. பிறகு பஞ்சு, கிழிந்த கடதாசி, ஓக் கொட்டைகள். ஒரு எலிக் குடும்பம் அங்கே குளிர்காலம் முழுக்க இருந்திருக்கிறது.

ஒன்றரை மணித்தியாலம். தண்ணீர் குடிக்க மட்டும் இரண்டு தரம் நிறுத்தினாள். பல்லுக்குள் அடைத்ததை எடுப்பது போல, அவசரப்படாமல், கம்பி எங்கே தட்டுகிறது என்று காதால் கேட்டு எடுத்தாள். கடைசியில் டோரத்தியின் வக்கியூமை வாங்கி அந்த இடத்தைத் துப்புரவாக்கிவிட்டு, "இப்ப அமத்துங்கோ" என்றாள்.

அமத்தினேன். சாய்தளம் சத்தமில்லாமல் வெளியே நீண்டு நிலத்தைத் தொட்டது.

நான் அவளைத் தூக்கிவிடக் குனிந்தேன். "நான் ஏறுவன்" என்றாள். ஏறினாள். முழங்கை இரண்டும் சிவந்திருந்தன. நாற்காலியில் நிமிர்ந்து இருந்து, சாய்தளத்தால் மேலே போய், ஓட்டுநர் இருக்கைக்கு மாறி, கண்ணாடிகளைத் தன் உயரத்துக்குத் திருப்பினாள். டோரத்தி வந்து பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டார். இரண்டு பேரும் ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்கள். இறங்கும்போது டோரத்தி அழுதுகொண்டிருந்தார். பேசிய விலையில் ஒரு சதமும் குறைக்கச் சொல்லிக் கேட்காமல் றஜிதா காசைக் கொடுத்தாள்.

மறுநாள் காலை தற்காலிக நம்பர் பிளேற் பூட்டிக்கொண்டு புறப்பட்டோம். வேரோனிக்கா அவளோடு வானில் ஏறினாள். நான் தனியே காரில், பின்னால். என் கணக்கு எப்போது கலைந்தது என்று எனக்கே தெரியாது.

ஈரி ஏரிக்கரையில் பெரிய மழை பிடித்தது. இரு பக்கமும் பார லொறிகள் தண்ணீரை வாரி அடித்தன. அவளுடைய பின்விளக்குகள் மட்டும் எனக்குத் தெரிந்தன. வேரோனிக்காவுக்கு அழைத்தேன்.

"இஞ்ச, அவளை அடுத்த இடத்தில நிப்பாட்டச் சொல்லும். நான் ஓடுறன்."

போன் ஸ்பீக்கரில் இருந்திருக்க வேண்டும். றஜிதாவின் குரல்தான் பதில் சொன்னது: "அண்ணை, நீங்கள் பேசாம பின்னால வாங்கோ. கொஞ்சம் தள்ளி வாங்கோ, கிட்ட வாறியள்."

இருபத்திரண்டு வருடமாகப் பிள்ளைகளை ஏற்றி ஓடுகிற எனக்கு, இடைவெளி விட்டு ஓடச் சொன்னாள். அவள் சொன்னது சரி. வேகத்தைக் குறைத்தேன்.

எல்லைப் பாலத்தடியில் அமெரிக்கச் சுங்கத்தில் பத்திரத்தைப் பார்த்து முத்திரை குத்தினார்கள். சிக்கல் கனடாப் பக்கம் வந்தது. இளம் அதிகாரி ஒருவர் வானைச் சுற்றிப் பார்த்துவிட்டு, தொழிற்சாலையிலிருந்து வந்தபடி இல்லாமல் மாற்றப்பட்ட வாகனத்தை உள்ளே விட முடியாது என்றார். நான் வாயைத் திறந்தேன். வேரோனிக்கா என் கையைப் பிடித்தாள்.

றஜிதா குரலை உயர்த்தவில்லை. பச்சை ஃபைலைத் திறந்து ஒரு பக்கத்தை நீட்டினாள். மாற்றியமைத்த நிறுவனமே சான்று ஒட்டியிருந்தால் அனுமதிக்கலாம் என்ற விதி அதில் இருந்தது. பிறகு கதவைத் திறந்து, அந்த லேபலைக் காட்டினாள். எட்டு மாதத்தில் வேறு ஐந்து வான்களை அவள் கைவிட்டது அந்த லேபல் இல்லாததால்தான் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. அதிகாரி உள்ளே போனார். நாற்பது நிமிடம் கழித்து மேலதிகாரியோடு வந்தார். அந்த அம்மா லேபலை வாசித்து, படிவத்தில் கையெழுத்து வைத்து, "உங்களைப் போல ஆயத்தமாக வருகிறவர்கள் குறைவு" என்று சொன்னார்.

அதோடு முடியவில்லை. நாற்பத்தைந்து நாளுக்குள் இங்கே பரிசோதனை செய்ய வேண்டும். பகலிலும் எரியும் முன்விளக்கு வேலை செய்யவில்லை என்று முதல் தரம் திருப்பி அனுப்பினார்கள். அதைச் சரிசெய்து, பிரெஞ்சிலும் எச்சரிக்கை லேபல் ஒட்டி, மூன்றாவது கிழமையில் ஒன்ராறியோ நம்பர் பிளேற்றை வாங்கினாள். அடுத்த திங்கள் தானே ஓடிக்கொண்டு வேலைக்குப் போனாள். அன்று லாபுக்கு ஒரு மணித்தியாலம் முந்திப் போய்விட்டதாகவும், கதவு திறக்கும்வரை வானுக்குள் இருந்து பாட்டுக் கேட்டதாகவும் சொன்னாள்.

போன கோடையில் ஒரு நாள் பின்னேரம், கட்டடத்தின் தண்ணீர்க் குழாய் வெடித்து எங்கள் மாடியில் வெள்ளம். அவள் வீட்டுக் கதவைத் தட்டினேன், பதில் இல்லை. பயந்துபோய் அழைத்தேன்.

"எங்க நிக்கிறீர், றஜி?"

"கிங்ஸ்ரனில, அண்ணை. ரீ குடிக்கிறன். மொன்றியலுக்கு அண்ணாவைப் பாக்கப் போறன்."

"ஆரோட?"

"ஒருத்தரோடயும் இல்லை" என்று சொல்லிச் சிரித்தாள். "என்ர வீட்டுத் திறப்பு வேரோனிக்கா அக்காவிட்ட இருக்கு. கட்டிலுக்குக் கீழ இருக்கிற பெட்டியை மட்டும் மேல எடுத்து வையுங்கோ. நான் வெளிக்கிடப் போறன், இருட்ட முன்னம் போய்ச் சேரோணும்."