முதல் பரிசு பெற்ற அழுகை

அடுத்தவள் துக்கத்துக்கு மேடையில் அழுது நான் ஒரு சுடுநீர் ஃபிளாஸ்க் பரிசு வாங்கியிருக்கிறேன். பதினொரு வயதில் நடந்தது, போகட்டும் என்று நீங்கள் சொல்லக்கூடும். ஆனால் போன வருடம், வாசிப்பும் வயதும் ஓரளவு கூடிய பிறகு, மலேசியாவின் ஸ்கூடாயில் ஒரு பட்டறையில் 'நாடகத்தின் வழி பெண் பிள்ளைகளுக்கு இரக்கம் கற்பித்தல்' என்ற தலைப்பில் அதே கதையைச் சொல்லி இன்னொரு முறை கைதட்டல் வாங்கினேன். கூடவே ஒரு பழக்கூடையும் கொடுத்தார்கள். அங்கே நான் சொன்னது பாதிக் கதை. மீதியை எழுதுவதற்கு யாரும் எதுவும் தரப்போவதில்லை என்பதால் கொஞ்சம் உண்மையாக எழுத வரும் என்று நினைக்கிறேன்.

கோத்தா திங்கியில் நாங்கள் படித்த தமிழ்ப்பள்ளிக்குப் பயிற்சி முடித்த கையோடு ஒரு டீச்சர் வந்தார். வகுப்புகள் முடிந்த பின் வரும் புறப்பாட நேரத்தில் பையன்களைப் பந்து விளையாட அனுப்பிவிட்டு, பெண் பிள்ளைகளை மட்டும் மண்டபத்தில் வட்டமாக உட்கார வைப்பார். இரக்கம் பையன்களுக்கு எதற்கு என்று டீச்சரும் நினைக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மணிலா அட்டையில் கோபம், பயம், துக்கம், பொறாமை என்று நான்கு முகங்கள் வரைந்து மாட்டியிருந்தார். உள்ளே வந்ததும் அன்றைக்கு நம் மனதில் எது இருக்கிறதோ அதைத் தொட்டுக் காட்ட வேண்டும். நான் தவறாமல் துக்கத்தைத் தொடுவேன். நான்கில் அந்த முகம்தான் அழகாக இருந்தது. என் அத்தை மகள் ஒருநாள் அட்டையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "டீச்சர், பசி எங்க?" என்று கேட்டாள்.

அவள் எங்கள் வீட்டில்தான் இருந்தாள். மாமா இறந்த பிறகு அத்தை சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே விடுதியில் தங்கி, சனிக்கிழமை மாலைதோறும் பஸ்ஸில் வருவார். அந்த வருடம் தொடர்ந்து மூன்று வாரம் வரவில்லை. ஓவர்டைம் என்று மளிகைக் கடைக்குப் போன் செய்து சொல்லியிருந்தார். வீட்டுப் பெரியவர்கள் அதைக் கேட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அத்தை மகள் மட்டும் நம்பினாள். நம்பினாலும் சனிக்கிழமையானால் பஸ் நிலையத்துக்குப் போய் நின்றுவிட்டு வருவாள்.

அத்தை விட்டுப்போயிருந்த ஒரு சட்டையை அவள் தலையணைக்கு அடியில் வைத்து முகர்ந்து பார்ப்பதை ஒரு காலையில் கதவிடுக்கு வழியாக நான் கண்டுவிட்டேன்.

"ஸ்கூல்ல சொல்லிராதடி," என்றாள். "எங்கம்மாவத் தப்பா பேசுவாங்க."

சத்தியம் செய்து கொடுத்தேன்.

பரிசளிப்பு விழாவுக்கு டீச்சர் ஒரு புது வழி கண்டுபிடித்தார். பிஸ்கட் டின்னில் சீட்டுப் போட்டு எங்களை ஜோடி பிரித்தார். ஒருத்தியை ஒருத்தி ஒரு வாரம் கவனிக்க வேண்டும். பிறகு மேடையில் நான் நீயாகவும் நீ நானாகவும் நடிக்க வேண்டும். "அவங்க மனசுக்குள்ள போயி உக்காந்து பாருங்கம்மா," என்றார். எனக்கு விழுந்தது அத்தை மகள்.

மற்ற பிள்ளைகள் ஜோடியின் நடையையும் தும்மலையும் மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்கள். என் கையிலோ பெரிய சரக்கு இருந்தது. சத்தியம்? சொல்லமாட்டேன் என்றுதானே செய்தேன், நடிக்கமாட்டேன் என்று செய்யவில்லையே! பதினொரு வயதிலேயே எனக்குள் ஒரு வக்கீல் இருந்திருக்கிறார்.

விழா அன்று மேடையில் நான் பஸ்ஸுக்காகக் காத்திருந்தேன். பஸ் வரவில்லை. அத்தையின் சட்டையை, அதே சட்டையை, பையிலிருந்து எடுத்து முகத்தில் வைத்தேன். அது போதாது என்று பட்டதால் சொந்தமாக ஒரு வசனமும் சேர்த்திருந்தேன்.

"அம்மா, என்ன மறந்துட்டியா?"

மண்டபமே மூக்கை உறிஞ்சியது. தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எம் மவதான்," என்று என் அம்மா பக்கத்து நாற்காலியிடம் சொன்னது மேடைவரை கேட்டது. டீச்சர் என்னை அணைத்துக்கொண்டு, "இதெல்லாம் நெசமாம்மா?" என்று காதில் கேட்டார். எல்லாம் நிஜம் என்று தலையாட்டினேன்.

அடுத்து அவள் நானாக வர வேண்டும். வந்தாள். இல்லாத ஒரு கதவின் இடுக்கில் எட்டிப் பார்ப்பதுபோல் கழுத்தை நீட்டினாள். பிறகு சபையைப் பார்த்துத் திரும்பி, ரிப்பன் நுனியால் ஈரமே இல்லாத ஒரு கண்ணைத் துடைத்தாள். யாரெல்லாம் பார்க்கிறார்கள் என்று மறு கண்ணால் வரிசை வரிசையாகப் பார்த்தாள். அவ்வளவுதான். கடைசி வரிசையில் இரண்டு பையன்கள் சிரித்தார்கள். பிள்ளைக்கு மேடைக் கூச்சம் என்று டீச்சர் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். அவள் ஒத்திகை பார்க்காமல் வந்துவிட்டாள் என்று எனக்குக் கோபம்.

அந்தச் சனிக்கிழமை அத்தை வந்தார். பஸ் நிலையத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வருவதற்குள் மூன்று பேர் அவரை நிறுத்தி நாடகத்தைச் சொல்லிவிட்டார்கள். தோள் பையை இறக்காமலேயே என் அப்பாவிடம் கேட்டார்: "ஓவர்டைம் செஞ்சது ஒரு குத்தமாண்ணே?"

அப்பா பத்திரிகையில் எதையோ தேடினார்.

பிறகு அத்தை தன் மகள் பக்கம் திரும்பினார். "மறந்துட்டியான்னு கேட்டியாமே?"

"நான் கேக்கலம்மா. அவதான் சேத்தா."

"நீ சொல்லாமலா அவளுக்குத் தெரியும்? சட்டை வரைக்கும் தெரிஞ்சிருக்கு?"

அவள் என்னைப் பார்த்தாள். வசனம் என்னுடையது என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் டீச்சரிடம் தலையாட்டியது பொய்யாகிவிடும், ஃபிளாஸ்க் திரும்பப் போய்விடும். நான் அத்தைக்குத் தண்ணீர் கொண்டுவருவதாகச் சொல்லிச் சமையலறைக்குள் போய்விட்டேன்.

மறுநாளே அத்தை அவளை ஜோகூர் பாருவுக்குக் கூட்டிப்போய்விட்டார். ஒரே ஒரு வாடகை அறை. அத்தை பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்த் திரும்பும்வரை அவள் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு இருப்பாளாம். மகள் கேட்டதாக நினைத்துக்கொண்ட அந்தக் கேள்வியை அத்தை வெகுநாள் மறக்கவில்லை என்றும் பிற்பாடு கேள்விப்பட்டேன்.

புறப்படும்போது அவள் என்னிடம் பேசவில்லை. பரிசு கிடைக்காத பொறாமை என்று அம்மாவிடம் சொன்னேன், அம்மாவும் ஒப்புக்கொண்டார். டீச்சர் சொன்னபடி அன்றைக்கு இன்னொருத்தி மனதுக்குள் போய் உட்கார்ந்து பார்த்தவள் அவள் ஒருத்திதான் என்பது எங்கள் யாருக்கும் விளங்கவில்லை.

ஸ்கூடாய் பட்டறை முடிந்த மறுநாள், பழக்கூடையைப் பிரிக்க மனம் வராமல், பாசிர் கூடாங்கில் இருக்கும் அவளுக்குப் போன் செய்தேன். சட்டை, வசனம், சமையலறை எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். பாதியிலேயே விம்மிவிட்டேன். அவள் வீட்டுக் குக்கர் இரண்டு விசில் அடித்தது. நான் மூக்கைச் சிந்தி முடிக்கும்வரை பொறுத்திருந்தாள்.

"அலமாக், இப்பவும் நீதானடி அழுவுற," என்றாள்.