வேஷம் கட்டாதவர்

கும்பகோணத்தில் எங்கள் நாடகாசிரியருக்கு நடந்த இரங்கல் கூட்டத்துக்கு ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் தலைமை. ஊரில் யார் செத்தாலும் அவர்தான் தலைமை. மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டி. ஈரமே இல்லாத கண்ணைக் கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டே இருக்கும் பழக்கம். மேடையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னிடம் குனிந்து, மாலை போட்டிருந்த படத்தைக் காட்டினார்.

“இவரு என்ன வேஷம் கட்டுவாரு தம்பி? ராஜபார்ட்டா?”

“அவரு வேஷமே கட்டினதில்லீங்க. நாடகம் எழுதினவரு” என்றேன்.

தலையை ஆட்டிவிட்டு எழுந்துபோய் மைக்கைப் பிடித்தார்.

“வாழ்நாள் முழுக்க வேஷமே கட்டாத ஒரு மனுஷன் நம்மள விட்டுப் போயிட்டாரு.”

குரல் சரியான இடத்தில் உடைந்தது. கூட்டமே கண்ணைத் துடைத்தது. நானும்தான் துடைத்தேன். அதற்காகவே அந்த ஆளை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.