பொழுது போனபின் போட்ட ஊசி

எங்கள் நைனா போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மூத்த மகளாகிய நான் எதையும் பூசி மெழுகப் போவதில்லை. நைனாவுக்கே அது பிடிக்காது.

நைனா பிறந்தது மேல்சித்தாமூரில். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்து, மாமன் வீட்டில் வளர்ந்து, செஞ்சிக்கு வந்து மணிலாக்கொட்டை என்கிற நிலக்கடலைக்கு மண்டி வைத்தார். எடையில் ஒருநாளும் ஏமாற்றியவரல்லர். கோபம் மூக்கின்மேல் இருக்கும். கொடுத்த வாக்கு மாறாது. பொழுது போனால் சாப்பிடுவதில்லை என்ற நம் சமண வழக்கத்தை ஒருபோதும் விட்டதில்லை. செஞ்சியில் பொழுது கோட்டை மலைக்குப் பின்னால் சீக்கிரமே இறங்கிவிடும். எத்தனை வண்டி சரக்கு நின்றாலும் அதற்குள் சாப்பிட எழுந்துவிடுவார்.

அறுபது வயதைத் தாண்டியதும் அவருக்கு விரையில் கட்டி வந்தது. இடத்தைச் சொல்லக் கூச்சப்பட்டு, குடலிறக்கம் என்று எல்லாரையும் ஏமாற்றினார். அம்மாதான் விடாப்பிடியாகச் சென்னைக்கு அழைத்துப் போனார். அறுவைச் சிகிச்சையில் ஒரு விரையை எடுத்தார்கள். தொல்லை விட்டது என்றிருந்தோம். எடுத்த கட்டியைச் சோதித்த டாக்டரோ, இது லிம்போமா என்ற புற்று, உடம்பில் வேறெங்காவது தங்கியிருக்கலாம், கதிர்வீச்சு என்கிற கரண்டும் வைக்க வேண்டும், கீமோ என்கிற ஊசியும் போட வேண்டும் என்றார்.

கரண்ட் என்றதும் நம் ஆட்கள் பயந்த பயம் இருக்கிறதே! பார்க்க வந்த சித்தப்பா, ஷாக் அடிக்குமென்று கட்டிலைக்கூடத் தொடவில்லை. நைனா அவர் கையை இழுத்துப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கரண்ட் வைத்த வாரங்களையெல்லாம் அப்படியே ஓட்டிவிட்டார்.

ஊசிதான் ஆளைச் சாய்த்தது. காலையில் போட்டால் சாயங்காலம் வரை வாந்தி. அது நின்று பசியெடுக்கும்போது பொழுது போயிருக்கும். உடம்பு துரும்பாயிற்று. இப்படியே இளைத்தால் ஊசியை நிறுத்த வேண்டிவரும், நிறுத்தினால் உயிருக்கு உத்தரவாதமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். இரவில் கஞ்சியாவது குடிக்கச் சொல்லி நானும் தம்பியும் கெஞ்சினோம்.

"உசுரு போனாலும் பொழுது போயி வாயில வெக்கமாட்டேன். ஊட்டுக்கு இட்டுனு போங்க" என்றார் நைனா. எனக்கு வந்த ஆத்திரத்தில் அழுதேவிட்டேன்.

அம்மா அழவில்லை. நேரே டாக்டரிடம் போய் நின்றார்.

"ராத்திரில நாங்க எப்டியும் சாப்டறதில்லீங்க. ஊசிய பொழுது போனப்புறம் போடுங்களேன். வாந்தி வர்ற நேரம் எங்களுக்குப் பட்டினி நேரந்தான்."

டாக்டர் சற்று யோசித்தார். பிறகு சிரித்துவிட்டு, இரவில் குளுக்கோஸ் ஏற்றிக்கொள்ளலாம் என்று ஒப்புக்கொண்டார். அதுமுதல் நைனா பகலில் சாப்பிட்டார், இரவில் வாந்தியெடுத்தார், விடிந்ததும் இட்லி கேட்டார். எல்லா ஊசியும் முடித்துக்கொண்டு மண்டிக்குத் திரும்பினார். விரதம்தான் உங்களைக் காப்பாற்றியது என்று ஒருவர் சொன்னபோது நைனா விடவில்லை.

"விரதத்தக் காப்பாத்துனது இவ. என்னைக் காப்பாத்துனது ஊசி" என்றார் அம்மாவைக் காட்டி.

அதன்பின் தம்பியின் கல்யாணத்தையும் பேரப்பிள்ளைகளையும் பார்த்தார். போன ஆண்டு மாரடைப்பு வந்து, மண்டியில் இருந்தபடியே போய்விட்டார். புற்று கடைசிவரை திரும்பவில்லை.

அந்த டாக்டருக்கும், முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட நர்சம்மாக்களுக்கும், நாங்கள் சென்னையில் இருந்தபோது மண்டியைக் கவனித்த சித்தப்பாவுக்கும், காரியங்களில் தோள் கொடுத்த அனைவருக்கும் கைகூப்புகிறோம். தம் பெயரைச் சேர்க்கவே கூடாது என்பது அம்மாவின் கண்டிப்பு. "பொண்டாட்டிக்கு யாராவது நன்றி போடுவாங்களாடி?" என்கிறார்.

போடுவார்கள் அம்மா. நைனா எங்களோடு இருந்த அந்த ஆண்டுகள் அத்தனையும் நீ எங்களுக்கு வாங்கிக் கொடுத்தவை.