சொல்லாமல் விட்ட பத்து நிமிடம்

நிரல் எழுதிப் பிழைப்பவர்களுக்கு, ஆட்கள் சொன்னதைவிடச் சொல்லாமல் விட்டதுதான் அதிக வேலை வைக்கும். கணினி முன்னால் உட்கார்ந்து இதே பாடு படுகிற உங்களுக்கு இதில் எதுவும் புதிதாக இருக்காது; சேர்ந்து பெருமூச்சு விடலாம் என்றுதான் எழுதுகிறேன்.

சால்னா கேட்காமலே வரும்

திண்டுக்கல்லில் ஒரு புரோட்டாக் கடையின் மாடியில் எங்கள் அலுவலகம். நானும் வடமதுரைச் சரவணனும்தான் மொத்த ஆட்கள். பழனிக்கு அடுத்த நெய்க்காரப்பட்டியில் நாற்றுப்பண்ணை வைத்திருக்கும் முருகேசன், போனிலிருந்தே தண்ணீர் விடும் ஏற்பாடு கேட்டு வந்தார். கோவையில் மகளுக்குத் தலைப்பிரசவம். அவரும் மனைவியும் போயாக வேண்டும். பண்ணையிலோ அப்போதுதான் முளைத்த தக்காளி நாற்று. ஒரு வேளை தண்ணீர் தவறினால் காயும், கூடினால் தண்டு அழுகும்.

"ஒவ்வொருக்காவும் எத்தனை நிமிசம்னு சொல்லோணுங்களா?" என்றார். சொல்லலாம், சொல்லாமலும் விடலாம். விட்டால் பத்து நிமிடம் என்று நிரலே எடுத்துக்கொள்ளும், எங்கள் தொழிலில் அதற்கு டீஃபால்ட் என்று பேர், கீழே புரோட்டா கேட்டால் சால்னா தானாக வருகிறதே அதுபோல என்றேன்.

"அப்ப நான் பேசாம இருந்தா, எனக்குப் பதிலா நீங்க பேசுவீங்க. அப்படித்தானுங்க?"

உம் கேட்டு நின்ற மோட்டார்

ஒத்திகை அன்று, பண்ணையில் நின்று தக்காளி வரிசையைத் தேர்ந்தெடுத்துப் பொத்தானை அமுக்கினோம். மோட்டார் ஓடவில்லை. பிழைச் செய்தியும் இல்லை.

நாங்கள் எழுதுவது ஃபங்ஷனல் வகை மொழியில். அதில் ஒரு வேலையைச் செய்யும் ஃபங்ஷனுக்கு இரண்டு விவரம் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் கொடுத்தால் அது கோபிக்காது. மீதி வரட்டும் என்று இன்னொரு ஃபங்ஷனாக மாறிக் காத்திருக்கும். நல்ல குணம்தான். ஆனால் சரவணன் எந்த வரிசை என்பதை முதலில் வைத்து, விருப்பமிருந்தால் தருகிற நிமிடத்தைக் கடைசியில் வைத்திருந்தான். வரிசையைச் சொன்னோம். நிமிடத்தை வேண்டாமென்று விட்டோமா, இனிமேல்தான் சொல்லப்போகிறோமா? அதற்கு எப்படித் தெரியும்? நின்றுவிட்டது. நிரலைச் சரிபார்க்கும் கம்பைலர் முன்பே எச்சரித்திருந்தது. அது எச்சரிக்காத நாள் ஏது என்று அவன் விட்டிருந்தான்.

சின்ன வயதில் தாத்தா கதை சொல்லும்போது நான் 'உம்' கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் ராஜா குதிரையில் ஒரு காலை வைத்தபடியே நிற்பார். மேலே போகலாம் என்பதைத் தவிர அந்த 'உம்'முக்கு வேறு அர்த்தம் கிடையாது. எங்கள் மொழியிலும் அப்படி ஒன்று உண்டு: கடைசியில் ஒரு வெற்று அடைப்புக்குறி. சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, விட்டதற்கு டீஃபால்ட்டை எடுத்துக்கொள் என்று பொருள். அதைச் சேர்த்ததும் மோட்டார் உறுமியது. சரவணனுக்குத்தான் ஆறவில்லை.

"ஏலே, உள்ள ஒண்ணுமே இல்லாத அடைப்புக்குறிக்கு இம்புட்டு மரியாதையா!"

பத்து யார் சொன்னது?

பத்து நிமிடம் முடிந்தபோது நாற்றுத் தட்டுகளின் அடியிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. பத்து எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். சரவணன் வீட்டுக் கத்தரித் தோட்டத்தில் பத்து நிமிடமாம். முருகேசனைக் கேட்டால், "அது வெயிலப் பொறுத்துங்க. தட்டத் தூக்கிப் பாத்தாத் தெரியும்" என்றார்.

அன்றிலிருந்து டீஃபால்ட் எழுதும்போது எனக்குக் கை தயங்குகிறது. வாய் திறக்காதவர் என்ன நினைத்திருப்பார் என்பதை, அவர் தட்டைத் தூக்கியே பார்க்காத ஒருவன் முடிவு செய்து வைக்கிறான். இன்னொரு வழியும் உண்டு. டீஃபால்ட் எழுதாமல் விட்டால், 'சொல்லவில்லை' என்பதே ஒரு பதிலாக நிரலின் கைக்கு வரும். அதை என்ன செய்வதென்று நாம்தான் எழுத வேண்டும். பத்தை அழித்தேன். தண்ணீர் விடும் வேளை வந்தும் நிமிடம் சொல்லாவிட்டால் முருகேசனைப் போனில் கேட்கும், அவரும் பேசாவிட்டால் எங்களைக் கேட்கும் என்று மாற்றினேன். சரவணனுக்குப் பிடிக்கவில்லை.

"கேக்காம ஓடத்தான, அப்பு, மெசினு? இது புதுசா வந்த ஓட்டல் சர்வர் கணக்கா ஒண்ணொண்ணுக்கும் கேட்டுக்கிட்டு நிக்குமே!"

பேசாமல் போன மத்தியானம்

முருகேசன் கோவை போனார். முதலில் ஒழுங்காகப் பதில் வந்தது: மூன்று, நான்கு, வெயில் ஏறினால் ஆறு. அப்புறம் ஒரு மத்தியானம் என் போன் கேட்டது: தக்காளி வரிசைக்கு எத்தனை நிமிடம்? அவரை அழைத்தேன், போன் அணைந்திருந்தது.

"பத்த அமுக்கி விட்ரட்டா?" என்றான் சரவணன். திண்டுக்கல்லில் மூட்டமாக இருந்தது. பழனிக்கு அந்தப் பக்கம் வெயிலோ மழையோ. அவன் விரல் போனுக்கு மேலேயே நின்றது. பிறகு பைக் சாவியை எடுத்தான்.

நெய்க்காரப்பட்டியில் வெயில் கொளுத்தியது. நாற்றுகள் தலை தொங்கிக் கிடந்தன. தட்டைத் தூக்கினால் கனமே இல்லை. கொஞ்சம் விட்டோம், தூக்கிப் பார்த்தோம், மறுபடி கொஞ்சம் விட்டோம். சாயங்காலம் தலைகள் நிமிர்ந்த பிறகு முருகேசன் அழைத்தார். பேத்தி பிறந்திருக்கிறாள், பிரசவ அறை வாசலில் போன் சார்ஜ் தீர்ந்ததைக் கவனிக்கவில்லையாம். நாற்று என்னாயிற்று என்று கேட்கும்போது குரல் இறங்கியது. நாங்கள் எங்கே நிற்கிறோம் என்று சொன்னேன். அந்தப் பக்கம் சிரிப்பு.

"பேசாம இருந்தா பத்து நிமிசம் தானா வரும்னு மொதல்ல சொன்னீங்க, கடைசீல நீங்க ரெண்டு பேருமில்லீங்க தானா வந்திருக்கீங்க!"

நிரலின் அந்த வரியில் இன்றுவரை டீஃபால்ட் கிடையாது. சரவணனின் பைக்கில் பெட்ரோல் இருக்கிறதா என்று மட்டும் தினமும் பார்த்துக்கொள்கிறோம்.