ரெஜினா அக்காவின் நிறம்

ரெஜினா அக்கா இறந்த செய்தி வந்தபோது அவருடைய கூடைப் படத்தைத்தான் திருத்திக்கொண்டிருந்தேன். காலையில் அனுப்பியிருந்தார். கம்பெனி பஸ் சுங்குவார்சத்திரம் தாண்டும்போது சூப்பர்வைசர் போனில் கூப்பிட்டார். "ரெஜினா போயிட்டாங்கம்மா. மாரடைப்பாம்." எந்த ரெஜினா என்று கேட்டேன். எங்கள் ஷிஃப்டில் ஒரே ரெஜினாதான்.

பெயிண்ட் ஷாப்பில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்குத் தெரியும், பெயிண்ட் அடித்த கார் பம்பரைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்து நிற வித்தியாசம் பிடிப்பார். பென்னலூர் வீட்டில் அவர் பின்னிய ஒயர்கூடைகளையும் வாங்கியிருப்பீர்கள். அவர் செல்போனில் எடுத்து அனுப்புவார். நான் நிறம் திருத்தி வாட்ஸ்அப் குழுவில் போடுவேன்.

ஒருமுறை கத்திரிப்பூ நிறக் கூடை படத்தில் நீலமாக விழுந்திருந்தது. பார்க்க ஜோராக இருந்ததால் அப்படியே போட்டுவிட்டேன். வாங்கிய வல்லக்கோட்டை அம்மா நீலக் கூடை எங்கே என்று திருப்பி அனுப்பிவிட்டார். அக்கா கேன்டீனில் எல்லார் முன்னாலும் பிடித்துக்கொண்டார்.

"இன்னாடி இது? நான் பின்னது இன்னா கலரு, நீ காட்டிகினு கீறது இன்னா கலரு? அழகு பண்ணச் சொன்னேனா? கீறத காட்டுடி!"

எனக்குச் சுரீரென்றது. நான் என்ன சம்பளத்துக்கா செய்கிறேன்? இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் கூடையைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கே வந்துவிட்டார். ஜன்னலோரம் வைத்து, பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைச் சேர்த்து எடுத்தேன். தாள் வெள்ளையாகத் தெரியும்வரை திருத்தினேன். பிறகு கூடையைச் செல்போனோடு ஒட்டிப் பிடித்து இருவரும் பார்த்தோம். "இப்பத்தான் என் கூடை," என்றார்.

படங்களில் அவர் கை விழும். நான் வெட்டிவிடுவேன். "வெட்டிக்கோ, என் கையையா விக்கிறோம்?" என்று சிரிப்பார்.

அடக்கம் முடிந்து நான்காம் நாள் அவர் மகள் ஜெனிஃபர் வந்தாள். "சபையில ஜெபக்கூட்டம் ஆன்ட்டி. அம்மா போட்டோ ஒண்ணு வேணும். எங்க வூட்ல கல்யாண போட்டோதான் கீது."

நூற்றுக்கணக்கான படங்களைத் தள்ளிப் பார்த்தேன். எல்லாம் கூடை. முகம் இருந்தது ஒன்றில்தான். வாசல் வெளிச்சம் கூடைமேல், உள்ளே டியூப்லைட் அக்கா முகத்தில். கூடை சரியாக இருந்தது, முகம் பச்சையடித்திருந்தது. பச்சையைக் குறைத்தால் கூடை ரோஸாகிவிட்டது. போகட்டும் என்று முகத்தை மட்டும் தனியாக வெட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். கொஞ்சம் மஞ்சள் கூட்டினேன், சிவப்பு கூட்டினேன், குறைத்தேன். ஒவ்வொன்றும் அக்கா மாதிரியும் இருந்தது, வேறு யாரோ மாதிரியும் இருந்தது. கூடை என்றால் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். நான் யாரைக் கொண்டுவந்து வைப்பேன்? என்னால் முடியவில்லை, ஐயோ, முடியவே இல்லை. கடைசியில் கருப்பு வெள்ளையாக்கிக் கொடுத்துவிட்டேன்.

ஜெனிஃபர் படத்தை வாங்கிப் பார்த்தாள். "இன்னா ஆன்ட்டி, எங்கம்மா இன்னா அந்தக் காலத்து ஆளா? கலர்ல இல்லையா?"

அந்தப் படத்தைத்தான் சபையில் வைத்தார்கள்.

திருத்தாத படம் என்னிடம் இருக்கிறது. அக்கா பின்னிய ஒயர்களின் நிறத்தைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஐந்து வருடம் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன், அவர் என்ன நிறம் என்று எனக்குத் தெரியவில்லை.